தூள் கப்பலேறுகிறது, செடி ஏன் ஏறவில்லை?

எண்ணூர் விரைவுச் சாலையில், திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்தில் உள்ள துறைமுக வாயிலான ஜீரோ கேட் வரை வரிசைகட்டி நிற்கும் ட்ரெய்லர்களில் கார் உதிரிபாகம், துணி, தோல் பொருள், கிரானைட் எனப் பல சரக்குகள் போகின்றன. அவற்றுக்கு நடுவே சில கன்டெய்னர்களில் இருப்பது தென்னந்தூள். பொள்ளாச்சியிலும் பேராவூரணியிலும் தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூளைக் கழுவி, உப்பை நீக்கி, களத்தில் காயவைத்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். ஓரடிச் சதுரம், 5 கிலோ எடை. தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ 70 லிட்டர் அளவுக்குப் பொங்கிவிடும். ஒரு காலத்தில் நார் ஆலைகளின் ஓரத்தில் மலையாகக் குவிந்து, தொல்லையென்று கருதப்பட்டு, தீவைத்துக் கொளுத்தப்பட்ட கழிவு இது. இன்று சீனாவிலும் தென்கொரியாவிலும் நெதர்லாந்திலும் இருக்கும் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாக இதைத்தான் போடுகிறார்கள். அதில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் விளைகின்றன. ரோஜாவும் ஜெர்பராவும் தொட்டிச் செடிகளும் வளர்கின்றன.

இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கயிறு வாரியத்தின் கணக்குப்படி 2020-21-ல் இந்தியா ஏற்றுமதி செய்த தென்னை நார்ப் பொருள்களின் மதிப்பு ரூ.3,778.98 கோடி. அதில் ஏறக்குறைய பாதி தென்னந்தூளால் வந்தது. அதே ஆண்டில் பூ, செடி, இலை, உலர்மலர் என்று மலர்த்துறை மொத்தமும் சேர்ந்து ஈட்டியது ரூ.575.98 கோடி. அதாவது, செடி வளர்க்கும் தூளை விற்று நாம் சம்பாதித்தது, செடியையும் பூவையும் விற்றுச் சம்பாதித்ததைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். தூளை வாங்குகிற நாடுகள் அதில் செடி வளர்த்துப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. அந்தச் செடிகளில் ஒரு பகுதி இறக்குமதியாகி நம் ஊர் மால்களின் வாசலிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் வந்து நிற்கிறது.

தமிழகத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. நர்சரி வேலை தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. உலகமே தேடும் வளர்ப்பு ஊடகம் இங்கேயே கிடைக்கிறது. வங்கக் கடலோரம் சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. இவ்வளவு இருந்தும் உயிருள்ள செடி ஏன் இங்கிருந்து பெருமளவில் கப்பலேறவில்லை? உயிருள்ள சரக்கைப் பரிசோதித்து, சான்றளித்து, வாடாமல் காத்து அனுப்பும் ஏற்பாட்டை நாம் கடற்கரையில் கட்டவில்லை என்பதே என் பதில். விலையில் நாம் தோற்கவில்லை, ஏற்பாட்டில் தோற்கிறோம்.

பெருந்தொற்று கற்றுத் தந்தது

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது மலர் விவசாயிகள் அடைந்த இழப்பை யாரும் மறந்திருக்க முடியாது. ஓசூரிலும் தளியிலும் பசுமைக்குடில்களில் பூத்த ரோஜாவை வெட்டிக் குப்பைக்குழியில் கொட்டினார்கள். திருமணங்கள் நின்றன, கோயில்கள் மூடின, சந்தைகள் அடைபட்டன. வெளிநாட்டுச் சந்தைக்கு இன்னோர் இடியும் விழுந்தது. கொய்மலர் பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான் பறக்கிறது. பயணிகள் பறக்காதபோது பூவும் பறக்கவில்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குப் போய்க்கொண்டிருந்த மல்லிகையும், பிப்ரவரிக் காதலர் தினத்தை நம்பிப் பயிரிடப்படும் ஓசூர் ரோஜாவும் ஒரே வழியை நம்பியிருந்தன. அந்த வழி அடைபட்டதும் மொத்தமும் நின்றுபோனது.

ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆசியா முழுவதும் வேறொன்று நடந்தது. வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் செடி வாங்கத் தொடங்கினார்கள். இந்தோனேசியாவில் ஓட்டை இலை மான்ஸ்டெராவின் விலை நம்ப முடியாத உயரத்துக்குப் போனது. பிலிப்பைன்ஸில் செடி வளர்க்கும் மோகம் எவ்வளவு பரவியதென்றால், காட்டுச் செடிகளைத் திருடி விற்பவர்களை அரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. இந்திய மலர்த்துறை ஏற்றுமதியும் 2021-22-ல் ரூ.771.41 கோடியாக உயர்ந்தது.

அந்த உயரம் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு ரூ.707.81 கோடி, 2023-24-ல் ரூ.717.83 கோடி. எடையில் பார்த்தால் சரிவு இன்னும் தெளிவு: 2021-22-ல் 23,597 டன், 2023-24-ல் 19,678 டன். மோகம் வடிந்தது ஒரு காரணம். ஆனால் மோகம் வடிந்த பிறகும் கட்டடங்களுக்கும் ஓட்டல்களுக்கும் பூங்காக்களுக்கும் செடி தேவைப்படுகிறது. 2021-ல் சவூதி அரேபியா அறிவித்த பசுமைத் திட்டம் ஆயிரம் கோடி மரங்களை இலக்காக வைத்திருக்கிறது. சிங்கப்பூரும் மாலத்தீவும் தங்களுக்கு வேண்டிய செடிகளில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகின்றன. வாங்குபவர் இருக்கிறார், அவர் வீட்டு வாசல்வரை உயிரோடு கொண்டுசேர்ப்பவர் யார் என்பதில்தான் போட்டி.

இந்தப் போட்டியில் கடல்வழியின் முக்கியத்துவத்தையும் பெருந்தொற்றுதான் காட்டியது. விமானச் சரக்கு நொடித்தபோது கடல்வழியில் செடி அனுப்பக் கற்றிருந்த நாடுகள் தாக்குப்பிடித்தன. கடல்வழியிலும் சிக்கல் வந்தது. 2021 செப்டம்பரில் நாற்பதடிக் கன்டெய்னர் ஒன்றின் சராசரி உலகக் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியது; தொற்றுக்கு முன் அது ஏறத்தாழ 1,500 டாலர். பிறகு கட்டணம் இறங்கியது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியதும் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. இருட்டுக் கன்டெய்னருக்குள் இருக்கும் செடிக்குக் கூடுதலான பத்து நாள் உயிர்ப் பிரச்சினை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கும் போகிற வழியில் அந்தச் சிக்கல் இல்லை. கிழக்குக் கடற்கரைத் துறைமுகத்தின் இயல்பான சந்தை கிழக்கேதான் இருக்கிறது.

கிழக்கே இருப்பவர்கள் எப்படி வென்றார்கள்?

தைவானின் கதையைப் பார்க்கலாம். ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் செடியை அமெரிக்காவுக்கு அனுப்ப விரும்பிய தைவான் விவசாயிகளுக்கு ஒரு தடை இருந்தது. வேரில் எந்த வளர்ப்பு ஊடகமும் ஒட்டியிருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. வேரைக் கழுவி அனுப்பினால் செடி நலிந்துபோகும், பூக்க நாளாகும். தைவான் அரசு பல ஆண்டுகள் பேச்சு நடத்தியது. பூச்சி நுழையாத வலைக்குடில், தரையிலிருந்து உயர்த்திய மேசை, தொடர் பரிசோதனை என்று நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு, ஊடகத்தோடு சேர்த்தே செடியை அனுப்பும் அனுமதியை 2004-ல் பெற்றது. அதன்பின் வாரக்கணக்கில் கடலில் பயணம் செய்து அமெரிக்கா போய்ச் சேரும் தைவான் ஆர்க்கிட் அங்கே வளர்ந்து பூத்து விற்பனையாகிறது. ஒரு செடிக்காக ஓர் அரசு எடுத்துக்கொண்ட அக்கறை அது.

மலேசியாவின் கேமரன் மலையில் விளையும் சாமந்தி ஜப்பானியச் சந்தைக்குப் போகிறது. ஜப்பான் இறக்குமதி செய்யும் சாமந்தியில் பெரும்பங்கு மலேசியாவுடையது. அந்த மலைத் தோட்டங்களை முதலில் உருவாக்கிய உழைப்பில் தமிழர்களுக்கும் பங்குண்டு. சீனாவின் யுன்னான் மாநிலத்தில், குன்மிங் நகரை ஒட்டிய தோனான் சந்தை ஆசியாவின் மிகப் பெரிய கொய்மலர்ச் சந்தையாக வளர்ந்துவிட்டது. தாய்லாந்து டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது.

தைவானைத் தவிர இந்த நாடுகள் எல்லாம், ஆசிய-பசிபிக் நாடுகளுக்கிடையே 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆர்செப் வணிக உடன்பாட்டில் ஒன்றாக இருக்கின்றன. இந்தியா 2019 நவம்பரில் அதிலிருந்து விலகிக்கொண்டது. விலகலுக்கு விவசாயிகள் சார்ந்த வலுவான காரணங்கள் இருந்தன. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உடன்பாட்டில் இருக்கும் ஒரு விதியை நாம் கவனிக்க வேண்டும்: அழுகக்கூடிய சரக்கை, வந்துசேர்ந்து ஆவணம் கொடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சுங்கத்துறை விடுவிக்க இயன்றவரை முயல வேண்டும். வரியைவிட மணிக்கணக்குதான் செடி வணிகத்தில் லாபத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அந்த நாடுகள் உணர்ந்திருக்கின்றன. அந்த ஆறு மணி நேரத்தை நாம் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நம் துறைமுகத்திலேயே கொண்டுவர முடியும்.

“அவர்களிடம் இல்லாத எந்தச் செடி நம்மிடம் இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தாய்லாந்துக்கு ஆர்க்கிட் அனுப்ப நாம் முயல வேண்டியதில்லை. வறட்சியைத் தாங்கும் செடிகளில் நம் நர்சரிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். காகிதப்பூ, அரளி, அடினியம், பனை வகைகள், சான்சிவேரியா போன்றவை வளைகுடாவின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுக்கும். கொரியா, ஜப்பான் போன்ற குளிர்நாடுகளின் பசுமைக்குடில்களுக்கு வேண்டியது முழுச் செடி அல்ல, வேர்விட்ட இளங்கன்று. திசுவளர்ப்புக் கூடத்தில் உருவாக்கி, தென்னந்தூளில் வேர்பிடிக்க வைத்த இளங்கன்றுகளை நாம் அனுப்பலாம். தூளை மட்டும் வாங்கியவர்கள் நாளை தூளில் வளர்ந்த கன்றை வாங்குவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே முதல் நடைமுறையில் இருக்கும் வணிக உடன்பாடும் நமக்கு ஒரு வாசல்.

ஒரு மாவுப்பூச்சி போதும்

செடி ஏற்றுமதியில் மிகக் கடினமான இடம் தாவரத் தனிமைப்படுத்தல் சோதனை. மண் ஒட்டிய வேரைப் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை. வேரைக் கழுவி, மருந்தில் முக்கி, தூய தென்னந்தூளில் வைத்துக் கட்ட வேண்டும். சோதனை அதிகாரி இலையைத் திருப்பி, காம்பு பிரியும் இடுக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அங்கே வெள்ளையாகப் பஞ்சுபோல் ஒரு மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டி நின்றுவிடும். வேரில் நூற்புழு இருக்கிறதா என்பதை ஆய்வகத்தில்தான் அறிய முடியும். எல்லாம் சரியாக இருந்தால் தாவர நலச் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழை நம்பித்தான் மறுகரையில் கதவு திறக்கிறது. ஒரு நாட்டின் சான்றிதழோடு போன பெட்டியில் இரண்டு மூன்று முறை பூச்சி கண்டுபிடிக்கப்பட்டால், அந்த நாட்டின் எல்லா நர்சரிகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

இந்தக் கெடுபிடியை வீண் என்று சொல்பவர்கள் மாலத்தீவின் அனுபவத்தை நினைக்க வேண்டும். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன், உல்லாச விடுதியை அழகுபடுத்த இறக்குமதி செய்யப்பட்ட அலங்காரப் பனைகளோடு தென்னையின் குருத்தைத் தின்னும் வண்டு அங்கே நுழைந்தது. அந்நாட்டின் தென்னைகள் அதனால் பெரும் சேதமடைந்தன. நமக்கும் அனுபவம் உண்டு. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ அயல்நாட்டுப் பூச்சி. அலங்காரச் செடிகளோடு அது நாட்டுக்குள் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று அது தென்மாநிலத் தென்னந்தோப்புகளையெல்லாம் வாட்டுகிறது. தென்னந்தூளின் தாய்வீட்டையே அது தாக்கியிருக்கிறது. ஆகவே துறைமுகத்தில் நல்ல தாவரச் சோதனை வசதி கேட்பது ஏற்றுமதியாளருக்கு மட்டுமான சலுகை ஆகாது. உள்ளே வரும் செடியையும் அதே கூடத்தில் கறாராகச் சோதித்தால் பொள்ளாச்சி விவசாயியும் பிழைப்பார்.

வடசென்னையில் கட்ட வேண்டியது

சென்னையின் தாவரத் தனிமைப்படுத்தல் மண்டல நிலையம் மீனம்பாக்கத்தில், விமான நிலையத்துக்கு அருகே இருக்கிறது. விமானத்தில் போகும் பூவுக்கு அது பொருத்தமான இடம். ஆனால் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் நகரின் மறுமுனையில் இருக்கின்றன; நடுவே நகரம் முழுவதும் கிடக்கிறது. ஆய்வக வசதியுள்ள முழுநிலையம் ஒன்று வடக்கே வேண்டும்.

எண்ணூர் கரையில் எல்லாச் சரக்குக்கும் தனி இடம் உண்டு. நிலக்கரிக்குத் தனித் தளம். கார் ஏற்றுமதிக்குத் தனித் தளம். திரவ இயற்கை எரிவாயுவுக்கு 2019-ல் தனி முனையமே திறக்கப்பட்டது. மணலி, மாதவரம், திருவொற்றியூர் சுற்றுவட்டாரத்தில் கன்டெய்னர் சரக்கு நிலையங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் செடிக்கான முனையமாக ஆக்கக் கூடாதா? அங்கே தேவைப்படுபவை பெரிய விஷயங்கள் அல்ல: பூச்சி புகாத வலைக்குடில், கப்பல் இருட்டுக்குச் செடியைச் சில வாரங்கள் பழக்கும் நிழல்கூடம், வேர் கழுவும் இடம், 13 முதல் 18 டிகிரி வரை வெப்பம் காக்கும் குளிர் அறை, ரீஃபர் எனப்படும் குளிரூட்டிய கன்டெய்னருக்குத் தடையில்லா மின்இணைப்பு, அதே வளாகத்தில் சோதனை அதிகாரியும் சுங்க அதிகாரியும்.

இடத்தேர்வுக்கு மாதவரமே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து செடி ஏற்றி வரும் லாரிகள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் இறங்கி, செங்குன்றம், மாதவரம் வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகின்றன. மேற்கே இருந்து ஓசூர் சரக்கும் வெளிவட்டச் சாலை வழியாக அங்கே வந்துசேரலாம். அரசின் தோட்டக்கலைப் பூங்காவும் மாதவரத்தில் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை அங்கே காலூன்றியிருப்பதால் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள். மீஞ்சூர் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்துவிட்டதை அறிவோம். ஆழ்குழாய் போட்டு நர்சரி நடத்தக் கூடாது. ஆனால் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பு நீக்கி, மணலி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. தொழிற்சாலைக்குப் போகும் அந்த நீரில் சிறு பங்கு போதும். உப்பு நீக்கிய நீர் தென்னந்தூளில் வளரும் செடிக்கு உகந்தது.

சாலைதான் பெரிய தடை. ட்ரெய்லர் ஓட்டுநர்கள் எண்ணூர் சாலையில் காத்துக் கிடப்பது வடசென்னையின் பழைய நோய். 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2012-ல் நின்றுபோன துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு, ஈரடுக்காக மாற்றி 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கரிக்கும் கிரானைட்டுக்கும் பொதுவாக இருக்கும் வரிசையிலிருந்து அழுகும் சரக்கைப் பிரித்து, தனி நேரமும் தனி வாயிலும் ஒதுக்குவது ஓர் உத்தரவில் முடிகிற காரியம். காமராஜர் துறைமுகத்தின் மத்திய அரசுப் பங்குகளைச் சென்னைத் துறைமுகம் 2020-ல் வாங்கிவிட்டது. இரண்டுக்கும் ஒரே முடிவெடுக்க இனித் தடை என்ன?

யாருக்கான வேலை?

வடசென்னை நெடுங்காலமாகத் தமிழகத்தின் சுமைகளையெல்லாம் தாங்கியிருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை அடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து மீனவர்களின் படகையும் வலையையும் கறையாக்கியது. அதே மாத இறுதியில் அமோனியா கசிவால் நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். துறைமுகமும் தொழிற்சாலையும் கொழித்தாலும், கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் பெண்களுக்கு அவற்றில் கிடைத்த வேலை மிகக் குறைவு.

செடி முனையத்தின் வேலை கை நுணுக்கம் கேட்பது. கன்று பிரிப்பது, வேர் கழுவுவது, பூச்சி பார்ப்பது, தரம் பிரித்துக் கட்டுவது, திசுவளர்ப்புக் கூடத்தில் கத்தியும் இடுக்கியும் பிடிப்பது ஆகியவற்றைச் சில மாதப் பயிற்சியில் கற்கலாம். நச்சுப் புகை இல்லை, வெடிக்கும் ஆபத்து இல்லை. இந்த வட்டாரத்துக்கு வரும் புதிய தொழில் எதுவாயினும் மக்கள் அச்சத்தோடு பார்க்கிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அச்சம் தராத ஒரு தொழிலைக் கொண்டுவர இது நல்ல வாய்ப்பு. பூச்சிமருந்துக் கழிவை முறையாக அகற்றுவதும், வேலையில் உள்ளூர்ப் பெண்களுக்கு முன்னுரிமை தருவதும் உரிமத்தின் நிபந்தனைகளாகவே எழுதப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவர்கள் யார் என்பதிலும் குழப்பமில்லை. மத்திய வேளாண் அமைச்சகம் ஆய்வகத்தோடு கூடிய தனிமைப்படுத்தல் நிலையத்தை வடக்கே அமைக்க வேண்டும். வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபீடாவும் அதே அமைச்சகமும், தைவான் செய்ததுபோல, தென்னந்தூளில் வளர்ந்த கன்றுகளை ஊடகத்தோடு ஏற்கும்படி கொரியா, ஜப்பான், சிங்கப்பூர், வளைகுடா நாடுகளோடு ஒவ்வொரு செடியாகப் பேச வேண்டும். அந்த நாடுகளில் பல நம் தூளை ஏற்கெனவே நம்பி வாங்குகின்றன. பேச்சுக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் கிடைக்காது. துறைமுக நிர்வாகம் தனி வாயிலும் மின்இணைப்பும் தர வேண்டும். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை படிக்கும் தமிழக அரசு, நர்சரிகளுக்குச் சான்றளித்துப் பதிவுசெய்யும் திட்டத்தையும், சிறு நர்சரிக்காரர்கள் கூட்டாக ஒரு கன்டெய்னரை நிரப்ப உதவும் ஏற்பாட்டையும் அடுத்த அறிக்கையில் சேர்க்க வேண்டும். கூட்டு ஏற்றுமதி இல்லாமல் இத்தொழில் பெரிய நிறுவனங்கள் இரண்டு மூன்றின் கையில் முடங்கிவிடும்.

கழிவென்று எரித்த தூளைக் கழுவி, அழுத்தி, தரம் பார்த்து உலகச் சந்தையில் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள் நம் சிறு ஆலைக்காரர்கள்தாம். மானியமும் மாநாடும் வருவதற்கு முன்பே அவர்கள் அதைச் செய்தார்கள். அவர்களுக்கு இல்லாதிருந்த துணையை நர்சரிக்காரர்களுக்கேனும் அரசு தரட்டும். எண்ணூரிலோ மாதவரத்திலோ ஒரு செடி முனையத்துக்கான அறிவிப்பும் நிதி ஒதுக்கீடும் வரும் ஆண்டிலேயே வர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு பருவத்திலும் கிழக்கே இருப்பவர்கள் நம் தூளில் தங்கள் செடியை வளர்த்து, நம் சந்தையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.